பெரியத்தை நின்ற இடங்கள்

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தானோடி வண்டி வாசலுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. துளசிமணி நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டப் பார்த்தாள். கால் வீங்கியிருந்ததால் வார் ஏறவில்லை. கணவர் சென்னியப்பன் குனிந்து மாட்டிவிட்டார். குனிந்தவர் நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வாரத்தில் மூன்று நாள் இப்படித்தான். சங்ககிரியிலிருந்து சேலம் போக வேண்டும். டயாலிசிஸ் படுக்கையில் அவளும் வெளியே நாற்காலியில் அவருமாக அரை நாள் கிடக்க வேண்டும். பிறகு திரும்ப வேண்டும்.

வண்டி கிளம்பியதே தெரியவில்லை. சாலையில் ஓடும் வண்டிகளையெல்லாம் ஒரே கணினி மூளை நடத்த ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. முந்துவது, ஹாரன் அடிப்பது, வழியில் நிற்பது எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதால் வண்டி செய்கிறவர்களுக்குப் போட்டி போட ஒன்றுதான் மிஞ்சியது: உள்ளே உட்கார்ந்திருப்பவரின் மனசு. தானோடியின் கூரையில் மல்லிகை மொட்டு அளவுக்கு ஒரு கண் இருந்தது. மனமானி என்று அதற்குப் பெயர். முகத்தின் நிறம், குரலின் நடுக்கம், நாடித்துடிப்பு இவற்றைப் பார்த்து, பயணிக்கு எது நிறைவு தருகிறது என்று கற்றுக்கொள்ளும். பிறகு அதையே செய்யும். சிலருக்குப் பாட்டு, சிலருக்குக் குளிர்காற்று.

இவர்களிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. பாட்டுப் போட்டது; இருவரும் காதில் வாங்கவில்லை. சந்தன வாசனையைப் பரப்பியது, துளசிமணிக்குக் குமட்டியது. ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஒரு நாள் துளசிமணி திடீரென்று கேட்டாள். "ஏனுங்க, இது மகுடஞ்சாவடிதான? இங்கதான நம்ம பெரியத்தை நின்னுச்சு?"

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வரச் சற்று நேரமானது. வந்ததும் சிரித்துவிட்டார்.

பெரியத்தை என்பது கல்யாணமான புதிதில் அவர்கள் வாங்கிய பழைய பெட்ரோல் கார். இவர்களுக்கு முன்னால் மூன்று பேரிடம் இருந்து அலுத்துப்போன வண்டி. சென்னியப்பனின் அப்பாவுடைய அக்கா ஒருத்தி உண்டு. எந்த விசேஷத்திலும் காரணம் சொல்லாமல் கோவித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிடுவாள். வண்டிக்கும் அதே குணம் இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. ஸ்டார்ட்டரைக் கல்லால் தட்டினால்தான் கிளம்பும். இடதுபக்கம் திரும்பினால் கதவு திறந்துகொள்ளும் என்று துளசிமணி அதைக் கயிற்றால் கட்டி, முனையை மடியில் பிடித்துக்கொண்டு வருவாள். மழை வந்தால் வைப்பரை அவள்தான் கையை நீட்டி இழுக்க வேண்டும்.

"காதுகுத்துச் சீர் நடக்கற வீட்டு முன்னால போய் நின்னுச்சு. தண்ணி ஊத்தலாம்னு கேக்கப் போனா, 'வாங்க வாங்க, இப்பத்தான் வாறீங்களா'ன்னு பந்தியில உக்கார வெச்சுட்டாங்க" என்றாள்.

"ஒப்புட்டுல நெய்ய ஊத்தி ஊத்தி நீ தின்ன."

"நானாவது தின்னேன். உங்கள மாமன்னு நெனச்சு புள்ளைக்கு மாலை போடச் சொன்னாங்களே, நீங்களும் போட்டீங்களே."

"கழுத்தைப் புடிச்சுத் தள்ளுனா என்ன பண்றது?"

மருத்துவமனை வரும்வரை இருவரும் விட்டுவிட்டுச் சிரித்தார்கள். மேலே மனமானி பார்த்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் பெரியத்தை வந்தாள். ரேடியேட்டர் கொதித்து வயலில் இறங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டது, லாரிக்காரர் ஒருவர் நிறுத்தித் தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தது, தள்ளித் தள்ளிக் களைத்து இருவரும் மைல்கல்லில் உட்கார்ந்து வாழ்க்கையில் முதல்முறையாக மனசு விட்டுப் பேசியது. பேசப்பேச ஒன்று தெரிந்தது. வண்டி ஓடியதைப் பற்றி அவர்களுக்கு ஞாபகமே இல்லை. நின்ற இடங்கள்தான் ஞாபகம் இருந்தன.

மனமானிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு காலை காக்காபாளையம் தாண்டியதும் தானோடி வேகம் குறைந்து, ஓரமாக ஒதுங்கி, ஒரு புளியமரத்தடியில் நின்றது. "சிறு தடங்கல். பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றது.

சென்னியப்பனுக்கு வியர்த்துவிட்டது. தானோடி நின்று அவர் பார்த்ததில்லை. துளசிமணி கதவைத் திறந்து, அவர் தடுப்பதற்குள் இறங்கினாள். ஈரக்காற்று அடித்தது. வேலியோரம் ஆடு ஒன்று தழை தின்றுகொண்டிருந்தது. அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அதையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வண்டி சரியாகிவிட்டதாகச் சொன்னது. தாமதமாக வந்ததற்கு நர்ஸ் கடிந்துகொண்டாள். துளசிமணி அதற்கும் சிரித்தாள்.

அடுத்த வாரம் வேறு இடத்தில் நின்றது. அதற்கடுத்த முறை நிற்பதற்கு முன் இருமிக்கூடக் காட்டியது.

"பெரியத்தை மறுபொறப்பு எடுத்துருக்குதுங்க" என்றாள் துளசிமணி.

சென்னியப்பன் தானோடி நிறுவனத்தைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். மிதுலா என்ற பொறியாளர் பேசினாள். வண்டியில் பழுது எதுவும் இல்லையென்றும், பழைய வண்டி நின்ற கதைகளைப் பேசும்போதும் இது நின்ற நேரங்களிலும்தான் இருவரின் நாடியும் சீராக இருந்ததால் வேண்டுமென்றே நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னாள். "வேண்டாம்னா அந்தப் பழக்கத்தை எடுத்துடலாம் ஐயா."

"எடுத்துரும்மா. ஆஸ்பத்திரி போற வண்டி அது."

துளசிமணி அவர் கையைப் பிடித்தாள். "விடுங்க. வாரம் பூரா ஊசியும் படுக்கையுமாத்தான் கெடக்கறேன். அந்த மரத்தடியில நிக்கறப்பத்தான் நானு சீக்காளிங்கறது மறந்துபோவுது."

பழக்கத்தை எடுக்க வேண்டாமென்று அவர் மிதுலாவிடம் சொல்லிவிட்டார். உண்மையில் அவருக்கும் அந்த நிழல் தேவைப்பட்டது. அவ்வளவு களைத்திருந்தார்.

சித்திரையில் வெயில் தாங்காமல் துளசிமணி அளவுக்கு மேல் தண்ணீர் குடித்துவிட்டாள். மத்தியானம் மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் நீர் கோத்துக்கொண்டதுபோல் களகளவென்று சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் சேலத்திலிருந்து வந்து திரும்புவதற்குள் நாமே போய்விடலாம் என்று தானோடியை வரவழைத்து அவளை ஏற்றினார்.

பாதி வழி வந்ததும் அவள் உதடு நீலம் பாய்ந்தது. சென்னியப்பன் அழ ஆரம்பித்தார். கூரையில் மனமானி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது. இவர்களிடம் இவ்வளவு துயரத்தை அது கண்டதில்லை. துயரத்தை ஆற்ற அது கற்றிருந்தது ஒன்றுதான். ஓரமாக ஒதுங்கி, நிழல் பார்த்து நின்றது.

"போ" என்று கத்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போ."

"சிறு தடங்கல். பொறுத்துக்கொள்ளுங்கள்."

அவசரப் பொத்தானை அழுத்தினார். "உங்கள் தானோடியில் பழுது எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார். சக்கரம் பூட்டிக் கிடந்தது. சாலைக்கு வந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். வண்டிகள் அவரைத் தொடாமல், வேகம் குறையாமல் அழகாக வளைந்து போயின. ஜன்னலுக்குப் பின்னால் ஆட்கள் தூங்கிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ போனார்கள். பெரியத்தை நின்றால் பானெட்டைத் தூக்குவதற்குள் நாலு பேர் வந்துவிடுவார்கள். இப்போது நிறுத்தி இறங்குவதற்கு யார் கையிலும் வண்டி இல்லை.

திரும்பி ஓடிவந்து உள்ளே உட்கார்ந்தார். மேலே இருந்த சின்னக் கண் அவர் முகத்தையே பார்த்தது. அப்போதுதான் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று அவருக்கு விளங்கியது.

முகத்தைத் துண்டால் துடைத்தார். துளசிமணியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெதுவாக மூச்சை விட்டார்.

"சீர்வீட்டுல என்னைய மாமன்னு நெனச்சுக் கூட்டீட்டுப் போனாங்கல்ல துளசி" என்றார். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டார். "அந்தப் புள்ளை என்னையப் பாத்து, இது எந்த மாமன்னு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கார் மாமன்னேன்." சிரித்தார். வாய் விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

துளசிமணிக்கு அவர் செய்வது புரிந்தது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டே உதட்டை விரித்துக் காட்டினாள். அவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் சிரித்தார்.

"தடங்கல் நீங்கியது" என்று சொல்லித் தானோடி கிளம்பியது.

துளசிமணி பிழைத்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவள் வெளியே வந்த அன்று மிதுலா தானாகவே கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது. "இவ்வளவு பதற்றத்துல இருந்து இவ்வளவு சீக்கிரம் யாருமே அமைதியானதில்லை ஐயா. உங்க பயணத்தை வெச்சுத்தான் இந்தப் பழக்கத்தை எல்லா தானோடிக்கும் குடுத்திருக்காங்க."

"அது அமைதி இல்லம்மா. நடிச்சேன்." நடந்ததைச் சொன்னார்.

மிதுலா அந்தப் பயணத்தின் பதிவைத் திறந்து மறுபடி பார்த்தாள். பிறகு, "மனமானிக்கு நடிப்புத் தெரியாதுங்க ஐயா. அது முகத்தைத்தான் பாக்கும். நான் மேல சொல்றேன்" என்றாள். அவர்களுடைய வண்டியிலிருந்து அன்றே அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுபடியும் சேலம் போகத் தொடங்கியபோது சாலையே மாறியிருந்தது. மரத்தடிதோறும் தானோடிகள் நின்றன. ஆட்கள் இறங்கிச் சோம்பல் முறித்தார்கள், முன்பின் தெரியாதவர்களோடு பேசினார்கள். புதிதாக டீக்கடைகள்கூட முளைத்திருந்தன. துளசிமணி ஜன்னல் வழியே ஆசையாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்குது" என்றாள்.

கதவு மூடியிருந்த வண்டிகளையே சென்னியப்பன் பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் நிற்க வண்டிகளுக்கு இப்போது தடையில்லாததால், காக்காபாளையத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "செத்த இரு, வந்தர்றேன்" என்று இறங்கி, வரிசையாக நின்ற தானோடிகளை நோக்கி நடந்தார். முழங்கால் வலித்தது. ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டி, "உள்ள எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். நல்லாருக்கோம் பெரியவரே என்றார்கள். சிலர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கடைசியில் நின்ற வண்டியில் ஓர் இளம்பெண் இருந்தாள். மடியில் கிடந்த குழந்தையின் கண்கள் மேலே செருகியிருந்தன. குழந்தை இருந்ததால் தானாகப் பூட்டிக்கொண்ட கதவை அவள் குத்திக் குத்தி அழுதுகொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"சிரி கண்ணு. கண்ணைத் தொடச்சுட்டு, மேல பாத்துச் சிரி. அப்பத்தான் வண்டி கெளம்பும்."