படிவத்தில் இல்லாத கட்டம்

குளிர் அறைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது...

எடுக்க ஆளில்லை.

கதவைத் திறந்த ஓடிஸ் அப்படியே நின்றுவிட்டான்.

இன்சுலின் பெட்டிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தாள் மரிபெல். அந்த மருந்துக் கிடங்குக்கு ஆள் எடுக்கும் அதிகாரி. பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. அவள் கோட்டுப் பைக்குள்தான் அந்த போன்.

போன வாரப் பேட்டியின் முடிவைக் கேட்க ஒன்பது மணிக்கு வந்தவன் ஓடிஸ். 'மேடம் உள்ள இருக்காங்க, போய்ப் பாரு' என்று அவனை அனுப்பியது மேலாளர் ஹால்டேன்.

ஒன்பது வருடச் சிறை. வெளியே வந்து ஏழு மாதம். பரோல் இன்னும் முடியவில்லை. இன்னொரு வழக்கு விழுந்தால், மகள் கியாராவின் கல்யாணத்தை ஆல்பத்தில்தான் பார்க்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் பத்தே நிமிடத்தில் வந்தது. துப்பறியும் அதிகாரி பராசா, ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, சூயிங்கம் மென்றபடி பிணத்தைச் சுற்றி வந்தாள்.

"யோசிக்கவே வேணாம் மேடம்," என்றான் ஹால்டேன். "இவன் ஒருத்தன் மண்டைய உடைச்சிட்டு ஒம்பது வருஷம் உள்ள இருந்தவன். நேத்து இவனோட குற்றப் பதிவு ரிப்போர்ட் வந்துச்சு. அதப் பாத்துட்டு வேலை இல்லன்னு மரிபெல் சொல்லிட்டா. அந்த ஆத்திரத்துல போட்டுட்டான்."

பராசா ஓடிஸ் பக்கம் திரும்பினாள். "உண்மையா?"

"உள்ள இருந்தது உண்மை மேடம். ஆனா இங்க யாருக்கும் சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல."

"படிவத்துல?"

"ஜெயிலுக்குப் போயிருக்கியாங்கற கட்டத்தத்தான் சட்டம் போட்டு எடுத்துட்டாங்களே. வேலை குடுக்கறோம்னு சொன்னப்புறம்தான் கேக்கணும்."

"கொலைகாரன் சட்டம் பேசறான்," என்று இளித்தான் ஹால்டேன்.

அப்போது போன் மறுபடி அடித்தது.

பராசா கையுறையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மரிபெல் மேடமா? குற்ற ரெக்கார்டு தேடற கம்பெனிலேர்ந்து பேசறேன். காலைலேர்ந்து அடிக்கறேன். ஓடிஸ் கிரீன்லீக்கு வேலைக் கடிதம் குடுத்தாச்சா? அது வந்தாதான் நாங்க தேடவே ஆரம்பிக்க முடியும்."

பராசாவின் வாய் மெல்வதை நிறுத்தியது.

"தேடவே ஆரம்பிக்காத ரிப்போர்ட்... நேத்தே உங்களுக்கு எப்படி வந்துச்சு மிஸ்டர் ஹால்டேன்?"

ஹால்டேனின் கை, கார் சாவி இருந்த பையைப் பொத்தியது. பராசா அந்தச் சாவியைக் கேட்டு வாங்கினாள்.

அவன் கார் டிக்கியில் இருபத்திரண்டு பெட்டி இன்சுலின். அடியில், ரத்தக் கறையோடு ஒரு பைப் ஸ்பேனர்.

அதற்குமேல் அவன் மறைக்கவில்லை. மூன்று மாதமாகத் திருட்டு. பழியைப் போட ஒரு ஆள் வேண்டும். விண்ணப்பித்தவர்களின் பெயர்களை வைத்துப் பழைய கோர்ட் பதிவுகளைத் திருட்டுத்தனமாகத் துழாவி ஓடிஸைப் பிடித்தான். திருட்டையும் துழாவலையும் மரிபெல் கண்டுபிடித்துவிட்டாள்; அதனால்தான் அவளை அடித்துக் கொன்றான்.

பிரிண்டரில் ஒரு தாள் கிடந்தது. ஓடிஸ் கிரீன்லீக்கு வேலை. கீழே மரிபெல்லின் கையெழுத்து. அனுப்ப அவளுக்கு நேரம் கிடைக்காத கடிதம். ஓடிஸ் அதை இரண்டு தரம் படித்தான். அழுகை வந்தது, அழுதான்.

விலங்கோடு நடந்த ஹால்டேன் நின்று முறைத்தான். "என் வாழ்க்கையே போச்சுடா."

ஓடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க சார். வெளிய வந்து வேலை தேடறப்போ, உள்ள இருந்தியான்னு எடுத்த எடுப்புல யாரும் கேக்க மாட்டாங்க!"