உள்முள் துப்பாக்கி வழக்கு

சனிக்கிழமை மாலை என்றால் முத்துத்திட்டில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் மன்ற மேடைக்குப் போய்விடுவார்கள். பழைய தூத்துக்குடியின் கீழத் தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு மிதவைகளின் மேல் கட்டப்பட்ட ஊர் அது. அலை கொஞ்சம் பலமாக அடித்தால் மொத்த ஊரும் தொட்டில் மாதிரி ஆடும். ஆனாலும் சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் அசையாது. சண்டை பார்ப்பதென்றால் நம் ஆட்களுக்கு உயிர். அந்தச் சண்டையைச் சட்டமே நடத்தி வைக்கிறது என்றால் கேட்கவா வேண்டும்!

அன்றைக்கு முதல் வழக்கு ஒரு தென்னை. தன் வீட்டுத் தென்னையை வெட்ட வேண்டும் என்று மனுப் போட்டவர், அதை வெட்டவே கூடாது என்று பேசினார். வெட்டாதே என்று இத்தனை நாளாகத் தடுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரரோ, வேரோடு வெட்டியாக வேண்டும் என்று முழங்கினார். பேசப் பேச மனுதாரருக்கு அந்த மரத்தின் மேல் பாசம் வந்துவிட்டது. கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கூட்டம் கைதட்டி அனுப்பி வைத்தது.

வெளியூர்க்காரன் பார்த்தால் இவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பான். இதற்குப் பெயர் மாற்றுவாய்ச் சட்டம். செய்தால் திருப்ப முடியாத காரியம் எதுவானாலும், மரம் வெட்டுவதோ மணவிலக்கோ ஆயுதமோ, கேட்கிறவர் அதற்கு எதிராகப் பேச வேண்டும். தடுக்கிறவர் அதற்காகப் பேச வேண்டும். ஒப்புக்குப் பேசித் தப்பவும் முடியாது. மேடை நடுவில் உளமானி இருக்கிறது. சனங்கள் வாயில் அது வெறும் மீட்டர். குரலில் மனம் இருந்தால் அதில் பச்சை எரியும், உதட்டளவில் பேசினால் அணைந்துவிடும். கேட்டவர் பேச்சில் அணைந்தால் மனு தள்ளுபடி. தடுத்தவர் பேச்சில் அணைந்தால் தடை தள்ளுபடி. இரண்டு பேச்சிலும் பச்சை நின்றால் எந்தக் கட்சி ஜெயித்தது என்று நடுவர் சொல்வார்.

அடுத்த வழக்கு அமலோற்பவத்தினுடையது. கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் மின்னேற்றிய மின்கலப் பெட்டிகளைக் கரையோர ஊர்களுக்குக் கொண்டுபோகும் படகு அவளுடையது. அவள் ஒரு கைத்துப்பாக்கி வாங்க மனுப் போட்டிருந்தாள். தடுத்தவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் கஸ்பார்தான். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து மக்ரூன் சுடுகிறவர். கூட்டத்தில் ஏக உற்சாகம். புருஷன் பெண்டாட்டி வழக்கென்றால் மற்ற வழக்கெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

அமலோற்பவம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடையேறினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து பேச்சில் யாரிடமும் தோற்றவள் இல்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, அதை மறைக்கிற வழக்கமும் இல்லை. ஆனால் இன்றைக்கு ஒரு சங்கடம். ஜெயித்தால் துப்பாக்கி கிடைக்காது. துப்பாக்கி வேண்டுமானால் தோற்க வேண்டும். அதுவும் மனதார வாதாடித் தோற்க வேண்டும்.

அந்த மாத நடுவர் சீட்டுக் குலுக்கலில் வந்த உப்பளக்காரி இசக்கியம்மாள். "ஏளா, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? ஆரம்பி" என்றாள்.

"நான் கேட்டது ஸ்ட்ரைக்கர் துப்பாக்கி. சர்க்கார் தமிழ்ல உள்முள் துப்பாக்கி" என்று அமலோற்பவம் தொடங்கினாள். "பழைய மாடல்ல பின்னால ஒரு சுத்தியல் தெரியும். மடங்கிக் கெடக்கா, தூக்கி நிக்கான்னு பாத்தாலே வெடிக்கத் தயாரா இல்லையான்னு தெரிஞ்சுரும். இதுல குண்டை அடிக்குத முள்ளு உள்ள கெடக்கு. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கோவத்தை மூஞ்சில காட்டாத ஆளு மாதிரி. அப்படிப்பட்ட ஆளை நம்பி வீட்டுல வைப்பியளா? இந்த மாடலுக்குத் தனியாப் பூட்டும் கெடையாது. விசையிலேயே ஒரு குட்டி நாக்கு, அதான் பூட்டு. உறையில செருவும்போது சேலை நூலு ஒண்ணு அதுக்குள்ள மாட்டுனா முடிஞ்சுது சோலி."

மீட்டரில் பச்சை நின்று எரிந்தது. அவளுக்கே ஆச்சரியம். இதையெல்லாம் உளமாரவா நம்புகிறோம் என்று நினைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கூட்டம் முழுக்கத் தலையாட்டுவதைப் பார்த்தாள். இவர் என்னத்தைப் பேசப்போகிறார்! வீட்டில் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷர். துப்பாக்கி கைவிட்டுப் போனதென்றே வைத்துக்கொள்ளலாம்.

கஸ்பார் கையில் முந்திரி மாவோடுதான் வந்திருந்தார். அதை வேட்டியில் துடைத்தார்.

"நடுவரம்மா, எனக்குப் பேச வராது. முட்டை அடிக்கத்தான் தெரியும்." சிரிப்பு அடங்கும்வரை தலையைக் குனிந்து நின்றார். "தடுத்தவன் நாலு எடத்துல போய் விசாரிச்சுட்டுத்தான் பேசணும்னு சட்டம் சொல்லுது. விசாரிச்சேன். எம் பொஞ்சாதிக்கு மழைக்கு முந்தி வலது கை ஒடிஞ்சுது. படகுல வழுக்கி விழுந்துட்டேன்னா. நானும் நம்பி ஒத்தடம் குடுத்தேன். இப்ப படகுல அவகூட வேலை பாக்குத ராயப்பனைக் கேட்டா, அவ விழவே இல்லைன்னுட்டான்."

அமலோற்பவம் திரும்பிக் கூட்டத்தைத் துழாவினாள். யாரிடமும் சொல்வதில்லை என்று ராயப்பனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். விஷயம் தெரிந்தால் இவர் படகை விடச் சொல்லுவார் என்றுதான் அத்தனை நாளும் மூடி மறைத்தாள்.

"கொள்ளைக்காரனுவ நாலுபேரு படகுல ஏறியிருக்கானுவ. பெட்டியெல்லாம் எடுத்துக்கிடுங்கன்னு விட்டுட்டா. வேம்பார் ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டிய பெட்டி ஒண்ணு இருந்துருக்கு. அதுமேல ஏறி உக்காந்துட்டா. எந்திரிட்டின்னானுவ. எந்திரிக்கல. கட்டையால கையில அடிச்சானுவ. ஒடிஞ்சுது. அப்பவும் எந்திரிக்கல. கடைசில அவனுவளுக்கே சலிச்சுப்போய் மத்ததைத் தூக்கிட்டுப் போயிட்டானுவ. இவ ஒத்தக் கையால படகை ஓட்டிட்டுப் போய், பெட்டியை எறக்கிக் குடுத்துட்டுத்தான் கட்டுப் போட்டிருக்கா."

மிதவைக்கு அடியில் தண்ணீர் அறைவது மட்டும் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்கும் போனேன். அன்னைக்கு அந்தக் கரண்டுலதான் கொறமாசத்துல பொறந்து கண்ணாடிப் பேழைக்குள்ள வச்சிருந்த ஒரு பச்சப்புள்ளைக்கு மூச்சு ஓடியிருக்கு. அந்தப் புள்ளைய எங்கையில குடுத்தாவ. நல்லா கொழுகொழுன்னு இருக்கு. எம் மீசையப் பிடிச்சு இழுத்துட்டுது." கஸ்பார் மீசையைத் தடவிக்கொண்டார். "படகை விட்டுருன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா மட்டும் விட்டுருவாளாக்கும்! ஆனா அந்தக் கைக்கு இனி பழைய பலம் வராது. சில துப்பாக்கில விசையோட மொத இழுப்பு கனமா இருக்கும், அடுத்தது லேசா இருக்கும். இதுல எப்ப இழுத்தாலும் ஒரே இழுப்பு, பலமில்லாத கைக்கு அதுதான் தோது. சேலையில மாட்டுததுக்குச் சுத்தியலும் இல்ல. உப்புக்காத்து நுழைய சந்தும் கம்மி. கடையில போய் நின்னு எல்லாம் கேட்டுட்டுத்தான் வந்துருக்கேன். இவ பெட்டி மேல உக்காருத பொம்பளை. அடுத்த தடவையும் உக்காரத்தான் செய்வா. அப்ப வெறுங்கையோட உக்காரக் கூடாது. அவ்வளவுதான்."

உளமானி அந்த மேடையில் அப்படி எரிந்து யாரும் பார்த்ததில்லை. பச்சை வெளிச்சம் முன்வரிசைக்காரர்களின் முகத்திலெல்லாம் விழுந்தது. அமலோற்பவத்துக்கு முதலில் கண்தான் கலங்கியது. பிறகு அதையும் மீறிக்கொண்டு ஒரு பெருமை வந்தது. இந்த மனுஷன் என் புருஷன் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குழம்பு நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கு ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

மனுதாரருக்குக் கடைசி வாய் என்று ஒன்று உண்டு. விரும்பினால் பதில் சொல்லலாம். வேண்டாமென்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அமலோற்பவம் சும்மா இருந்திருந்தால் துப்பாக்கி அப்போதே அவளுடையது. கைகளைக் குவிக்கத்தான் போனாள். ஆனால் ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லாமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லையே! பிறவிக் குணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? எழுந்துவிட்டாள்.

"சந்து கம்மிதான். ஆனாலும் கடல்ல ஓடுத சாமானைத் தெனமும் கழட்டித் தொடைக்கணும். மக்ரூன்காரருக்கு இது தெரியாது. இந்த மாடலைக் கழட்டணும்னா மொதல்ல விசையை இழுக்கணும். உள்ள குண்டு இல்லைன்னு பாத்துட்டுத்தான் இழுக்கணும். பாப்பேன். தெனமும் பாப்பேன். என்னைக்காவது ஒருநாள் அலுத்துப்போய் வந்து, பாத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டு இழுத்துருவேன்." இதுவரை அவள் வீட்டிலேயே யோசித்து வைத்தது. இதற்குப் பிறகு வந்தது யோசிக்காதது. "எங்க வீட்டுல இருக்கது ஒத்த மேசை. சோறும் அதுலதான், வேலையும் அதுலதான். அப்ப எனக்கு எதுத்தாப்புல..."

நிறுத்தினாள். எதிரே கஸ்பார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுத்தாப்புல இவுக உக்காந்திருப்பாக. எப்பவும் அந்த நாக்காலிதான். நான் தின்னு முடிக்குத வரைக்கும் எந்திரிக்க மாட்டாக. அந்தப் பக்கம் நீட்டி ஒரு விசையை எப்படி இழுக்க? எனக்கு வேண்டாம் நடுவரம்மா. நெசமாவே வேண்டாம்."

பச்சை கொஞ்சமும் குறையாமல் எரிந்தது. அப்போதுதான் அமலோற்பவத்துக்கே தெரிந்தது, தான் பேசியது வாதமில்லை என்று.

இசக்கியம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமினாள். "ரெண்டு பேரும் மீட்டரைச் சுட்டுப் பொசுக்கிட்டிய. அமலி, பேச்சுல நீதான் ஒசத்தி, அதுல மாத்தமில்ல. ஆனா இம்புட்டு பயந்து வச்சிருக்கவ கையிலதான் அந்தச் சாமானைக் குடுக்கலாம். பயமில்லாதவனுக்குத்தான் குடுக்கக் கூடாது. வாங்கிக்கிடலாம். கஸ்பாரு கட்சி ஜெயிச்சுது."

பிறந்ததிலிருந்து முதல் தோல்வி. அதுவும் முட்டை அடிக்கிற மனுஷரிடம். அமலோற்பவம் முகத்தைக் கோபமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

அதோடு சண்டை தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. மாற்றுவாய்ச் சட்டம் எழுதிய பெரிய மனிதர்கள் யோசிக்க மறந்த இடம் இது. அடுத்த வாரம் முழுக்க அந்த வீட்டில் அதே சண்டை, ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள்.

"கடைக்குக் கெளம்புட்டி" என்பார் கஸ்பார்.

"எனக்கு வேண்டாம்னு ஊரறியச் சொன்னேன்லா?"

"நான் வேணும்னு ஊரறியச் சொல்லிருக்கேன்லா?"

மிதவைப் பாலத்தில் போகிறவர்கள் ஜன்னலோரம் நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். இப்போது யார் தடுக்கிறது, யார் கேட்கிறது, மறுபடியும் மன்றத்துக்கு வாருங்கள் என்று ஒருத்தர் குரல் கொடுத்தார். கஸ்பார் அவருக்கு ஒரு மக்ரூனைக் கொடுத்து வாயை அடைத்தார்.

கடைசியில் வேம்பார்க் கடலில் இன்னொரு படகைக் கொள்ளையடித்த செய்தி வந்தது. அமலோற்பவம் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். கடையில் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தபோது நல்லதும் கெட்டதுமாக அத்தனை பேச்சும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஓட்டம் முடிந்து பொழுது சாய வீடு திரும்பினாள். கொள்ளைக்காரர்கள் வரவில்லை, துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவுமில்லை. ஆனாலும் உப்புக்காற்று பட்டிருந்தது, துடைத்தாக வேண்டும். மேசையில் துணியை விரித்தாள். அப்புறம்தான் கவனித்தாள். எதிர்ப்பக்கம் நாற்காலியைக் காணவில்லை. அந்த இடத்தில் மணல் நிரப்பிய மக்ரூன் தகர டின்கள் சுவர்போல நெஞ்சுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

கஸ்பாரின் நாற்காலி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி போட்டிருந்தது. அவர் வந்து அதில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நீ அலுத்து வந்தாலும் நான் அலுக்க மாட்டேன்லா. காட்டு" என்றார்.

அவள் குண்டுக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியின் மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்துக் காட்டினாள். இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்து உள்ளே பார்த்தன. அவர் விரலை விட்டும் தடவிப் பார்த்தார்.

"காலி" என்றார் கஸ்பார்.

"காலி" என்றாள் அமலோற்பவம்.

துப்பாக்கியின் முனையை மணல் டின்களுக்கு நேரே திருப்பிக்கொண்டு, விசையை இழுத்தாள்.