குளிர் வராத வண்டி

அக்டோபர் கடைசியில ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த ட்ரெய்லர் எங்க வீட்டு முன்னாடி வந்து நின்னுச்சு. கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு, பதினாறடி நீளம், 1956-ல செஞ்சது. பக்கவாட்டுல பாத்தா ரொட்டித் துண்டு மாதிரி உருண்டையா இருக்கும். பிர்ச் மரச் சுவர், ஐஸ் பெட்டி, மடிச்சா படுக்கையாகிற மேசை, கதவுக்குப் பக்கத்துல ஒரு குட்டி கேஸ் ஹீட்டர். எல்லாமே அசல். நான் கையே தட்டிட்டேன். என் வீட்டுக்காரர் டுவெய்ன் மட்டும் உள்ள தலையை விட்டு மோந்து பாத்துட்டு, "லவோன், நனைஞ்ச கம்பளி நாத்தம் அடிக்குது. வாங்கின கையோட திருப்பிக் குடுத்துடு"ன்னாரு.

வண்டி எங்க பொண்ணு கோரினுக்கு. அவ நர்ஸ். ஊர் ஊராப் போய் மூணு மாசம் மூணு மாசம் வேலை பாக்கறவ. டிசம்பர்ல வடக்க ஏரிக்கரை ஊர்ல புது வேலை. ஆறு மாசக் குழந்தை ஓட்டோவையும் கூட்டிட்டு இந்த வண்டியிலயே தங்கப் போறா.

டுவெய்ன் புது ஹீட்டர் மாட்டலாம்னாரு. நான்தான் விடல. பழைய வண்டிங்களை வாங்கிப் பழையபடியே வச்சுக்கற எங்க ஆளுங்க புத்தி அப்படி. ஒரு திருகாணியை மாத்தினாலும் எங்க கூட்டத்துல மூக்கைச் சுளிப்பாங்க. "அசல் ஹீட்டர் எவ்வளவு அழகா எரியுது பாருங்க"ன்னு வாயடிச்சேன். இப்போ நினைச்சா நாக்கு கசக்குது.

இந்த வண்டிங்களுக்கு, காரோட மாட்டற முன் இரும்புல நம்பர் குத்தியிருக்கும். அஞ்சு சுத்து பெயிண்ட்டைச் சுரண்டி 1147-ன்னு கண்டுபிடிச்சு, இந்தியானால இருக்கற வெர்லின்ங்கற கிழவருக்கு எழுதினேன். இந்த வண்டிங்களைச் செஞ்சு மூடிப்போன கம்பெனியோட பதிவேடெல்லாம் அவர்கிட்டத்தான் இருக்கு. எந்த வண்டி யாருக்குப் போச்சு, எத்தனை அலமாரி, எல்லாம் சொல்லிடுவாரு. நான் கேட்டது கதவோட அசல் நிறம். அவ்வளவுதான்.

பதில் ஒரே வரியில வந்துச்சு. ஹீட்டர் பக்கத்துல தரையில காத்து வர்ற கம்பி வலை இருக்கான்னு பாரு, அதைத் திறந்தே வைன்னு.

வலை இருந்துச்சு. அடைச்சும் இருந்துச்சு. பழைய மஞ்சள் துணிக் கிழிசல், விரலால அழுத்தி அழுத்தித் திணிச்ச மாதிரி. எடுத்துப் போட்டேன். மறுநாள் பாத்தா மறுபடி துணி. "எலி"ன்னாரு டுவெய்ன்.

"எலி துணியை மடிச்சா வைக்கும்?"

"உன்கூட ஒரு வீட்டுல இருந்தா எலியும் மடிக்கக் கத்துக்கும்."

சிரிச்சுட்டேன். மூணாம் நாள் அங்க இருந்தது டுவெய்னோட கையுறை. பூட்டின வீட்டுக்குள்ள, அலமாரியில இருந்த கையுறை.

அப்புறம் அவரும் சிரிக்கல. எவனோ விளையாடறான்னு வண்டிப் பூட்டை மாத்தினாரு. விஷப்புகை வந்தா கத்தற அலாரம் ஒண்ணு வாங்கி உள்ள மாட்டினாரு.

கோரின் கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, நல்ல பனி. சர்ச்சுல இருந்து வந்ததும், "இங்கயே ஒரு தடவை தூங்க வச்சுப் பாக்கறேம்மா"ன்னு ஓட்டோவோட வண்டிக்குள்ள போனா. ஹீட்டர் எரியுது. வலையை நானே குனிஞ்சு பாத்தேன், திறந்திருந்துச்சு. திரும்பி வந்து பாத்திரம் கழுவிட்டிருந்தேன். ஃபோன் அடிச்சுது.

வெர்லின்.

"லவோன்மா, அந்த வண்டியில யாராவது படுக்கறாங்களா? சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு மாசமா யோசிச்சேன். அம்பத்தொம்போதுல அதுல ஒரு அம்மாவும் ரெண்டு குழந்தைங்களும் இருந்தாங்க. புருஷன் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தான். பிள்ளைங்களுக்குக் குளிருதுன்னு அந்தப் பொண்ணு தரை வலையை அடைச்சுடுச்சு. காத்து இல்லாம ஹீட்டர் விஷத்தைக் கக்கிடுச்சும்மா. மூணு பேரும் தூக்கத்துலயே..."

ஃபோனைப் போட்டுட்டு ஓடினேன். கால்ல செருப்பு இல்ல. பனி நெருப்பா சுட்டுது.

கதவு திறக்கல.

உள்ள யாரோ மெதுவா முனகற சத்தம். தாலாட்டு மாதிரி.

கோரின் குரல் இல்ல அது.

"டுவெய்ன்!"

கடப்பாரையோட வந்து நெம்பினாரு. உள்ள வெதுவெதுன்னு இருந்துச்சு, யாரோ கட்டிப்பிடிச்சுக்கிட்ட மாதிரி. கோரினும் ஓட்டோவும் கன்னமெல்லாம் சிவந்து தூங்கறாங்க. தட்டறோம், எந்திரிக்கல. இழுத்துட்டு வந்து பனியில போட்டோம். முதல்ல ஓட்டோ அழுதான். அப்புறம் கோரின் இருமிட்டுக் கண்ணைத் திறந்தா.

தரை வலையில ஓட்டோவோட சாக்ஸ், ஸ்வெட்டர், தொப்பி, எல்லாம் திணிச்சிருந்துச்சு. அலாரம் மாட்டின இடத்துல இல்ல. தலையணைக்கு அடியில, மூணு போர்வை சுத்தி, உள்ளுக்குள்ளயே கத்திட்டுக் கிடந்துச்சு.

குழந்தை முழிச்சுடக் கூடாதுன்னு சுத்தின மாதிரி.

"நான் எதையும் தொடலம்மா," கோரினுக்குப் பல்லு கிடுகிடுன்னு ஆடுது. "யாரோ போர்வையை இழுத்துப் போத்திவிட்டாங்க. நீதான்னு நினைச்சேன்."

திங்கட்கிழமையே வண்டியை உடைச்சு இரும்புக்குப் போட்டோம். கோரின் வடக்க ஒரு பழைய வீட்டு மாடியில வாடகைக்கு அறை பிடிச்சா. அங்கயும் கேஸ் ஹீட்டர்தான். ஆனா சாமான் இறக்கப் போனப்ப நானே பாத்தேன், ஜன்னல் சந்துல காத்து விசில் அடிக்குது. வீட்டுக்காரம்மா மன்னிப்புக் கேட்டாங்க. எனக்கு அவங்களைக் கட்டிப்பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

போன வாரம் மத்தியானம் கோரின் கூப்பிட்டா.

"அம்மா, இப்போ ரூம்ல குளிரே இல்ல. எந்தச் சந்துலயும் காத்து வரல. ஓட்டோ காலையில பத்து மணி வரைக்கும் அசையறதில்ல. எனக்குத்தான் ரெண்டு நாளா லேசா தலைவலி."

"ஜன்னலைத் திறடி! திறந்துட்டுக் குழந்தையைத் தூக்கிட்டுக் கீழ ஓடு!"

ஜன்னல் கிறீச்சுன்னு திறந்தது கேட்டுச்சு. படி இறங்கற சத்தம். ஓட்டோ சிணுங்கறான். அப்புறம் தெருக் காத்து.

"வந்துட்டேம்மா. எதிர்த்தாப்புல நிக்கறேன்."

"மேல பாரு. ஜன்னல் திறந்துதானே இருக்கு?"



"நான் திறந்துட்டுத்தாம்மா வந்தேன்," ரொம்ப மெதுவா சொன்னா. "இப்போ உள்ளருந்து யாரோ மூடறாங்க."