பதினாறாம் கட்டில்

அக்காவைப் பெண்கள் வார்டில் சேர்த்த அன்று பதினாறாம் கட்டில்தான் காலியாக இருந்தது. தங்கை அதே வார்டில் நர்ஸ். ஜன்னலோரம், நல்ல வெளிச்சம், வேறென்ன வேண்டும்?

"குடுத்துவெச்சவடி நான். ஊசி குத்தக்கூட சொந்தக்காரி," என்று அக்கா சிரித்தாள்.

மறுநாளிலிருந்து வார்டில் தினம் ஒரு சாவு. பிற்பகல் மூன்று மணிக்கு, வெயில் தரையில் கிடக்கும்போதே. முதலில் மருந்து நெடி அடங்கி ஈரமண் வாடை எழும். பிறகு முதல் கட்டிலில் தொடங்கி, ஒவ்வொரு கட்டில் கம்பியிலும் யாரோ நகத்தால் தட்டிக்கொண்டே போகும் ஓசை. ஓசை நிற்கும் இடத்தில் ஒரு மூச்சும் நிற்கும்.

ஐந்தாம் நாள் நர்ஸ் பதிவேட்டைப் புரட்டி, செத்தவர்களின் கட்டில் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதினாள். 1, 2, 4, 7, 11.

முதலில் ஒன்று கூடியிருக்கிறது. பிறகு இரண்டு. பிறகு மூன்று, நான்கு. அப்படியானால் இனி ஐந்து.

பதினாறு.

அவசரப்பட்டு அவளைத் திட்டிவிடாதீர்கள், கூடப்பிறந்தவள் அல்லவா. மறுநாள் மதியம் பதினேழாம் கட்டிலில் கிடந்த தையல்கார அம்மாவிடம் போனாள்.

"ஜன்னலோரம் படுத்துக்கிறீங்களாம்மா? நல்லா காத்து வரும்."

"உங்க அக்கா இருக்காங்களே தாயி?"

"அவளுக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துதாம்."

"மகராசியா இரு," என்று தையல்கார அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். நர்ஸ் அந்த முகத்தைப் பார்க்காமல் இருவர் தலையணையையும் மாற்றிப் போட்டாள். அக்கா பதினேழுக்குப் போனாள்.

மூன்று மணி. ஈரமண் வாடை.

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் தட்டல்களை எண்ணினாள். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. அடுத்தது, பதினான்கு என்று தகடு மாட்டிய கட்டிலில் விழுந்தது.

பதிமூன்று, என்றது அவள் உதடு.

ராசியில்லாத எண் என்று எந்தக் காலத்திலோ பதிமூன்றை விட்டுவிட்டு, பன்னிரண்டுக்கு அடுத்த கட்டிலுக்கே பதினான்கு என்று தகடு மாட்டியிருந்தார்கள். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறைக்கவே இல்லை.

வந்திருப்பது தகட்டைப் படிக்கவில்லை. கட்டிலை எண்ணுகிறது.

பதினான்கு.

பதினைந்து. தையல்கார அம்மாவின் தலைமாட்டைத் தட்டிவிட்டு அது நகர்ந்தது.

"என்னடி, கையை இப்படி நசுக்குறே?" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

பதினாறு.

நான்கு நாள் கழித்து நர்ஸ் வேலைக்குத் திரும்பினாள்.

"நீங்க இல்லாத நாலு நாளும் ஒரு சாவுகூட இல்லம்மா," என்றாள் ஆயா.

மூன்று மணிக்கு வாடை எழுந்தது. தட்டல் கட்டில் கட்டிலாக வந்தது. பத்தொன்பதோடு கட்டில்கள் முடிந்தன.

அது நிற்கவில்லை.

மருந்து அலமாரி. இருபது.

மேசை. இருபத்தொன்று.

பதினாறோடு ஆறைக் கூட்ட அவளுக்குத் தாள் தேவைப்படவில்லை. எழுந்திருக்க மேசையில் கையை ஊன்றினாள்.

நாற்காலியின் முதுகில், மெல்ல, ஒரு நகம் பட்டது.