கேட்டால் மட்டும் வரட்டும்

மழை... போடிமெட்டிலிருந்து இறங்கி வந்த மழை.

ஏலக்காய்க் கடை வாசலில் மூட்டைகளோடு ஜீப்புகள் வரிசையாக நின்றன. உள்ளே கம்ப்யூட்டர் உறைந்து கிடந்தது. அப்போதுதான் சொட்டச் சொட்ட ஒருவன் நுழைந்தான்.

“அண்ணே, வெளிய நில்லுங்க! காய் நனைஞ்சிரும்!”

“கம்ப்யூட்டர் பாக்க வந்தேங்க, தேனியிலேருந்து. பேரு செழியன். அப்புறம்... அண்ணன் வேண்டாமே.”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் நிமிர்ந்தாள். அவன் இமையில் ஒரு மழைத்துளி... சட்டென்று குனிந்துகொண்டாள். நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது? திட்டிவிட்டதாலா...?

“முத்துப்பிரியா! ஜீப்புக்காரன் கத்துறான், வெரசா!” வாசலிலிருந்து முதலாளி கோட்டைச்சாமியின் குரல்.

“முத்துப்பிரியா...” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான் அவன். பிறகு திரையைக் காட்டினான்.

“ஒரு விவசாயி பேரைத் தட்டுனா பழைய ஏலம், போட்டோ, பேங்கு, வாரிசுன்னு எல்லாம் சேந்தே வருது. ஒருத்தருக்குக் கல்யாணப் பத்திரிகை வச்சா ஊரே ஜீப்பு ஏறி வந்த மாதிரி! எப்படி நகரும்?”

துப்பட்டாவால் வாயை மூடிச் சிரித்தாள்.

“பேரோட கூடவே எது வரணும்? நீங்க சொல்லுங்க.”

“மூட்டையோட லாட்டு நம்பரும் எடையும்.”

“மத்ததெல்லாம் கேட்டா மட்டும் வரட்டும். ஆமா... நீங்க எந்தக் காலேஜு?”

சிரிப்பு அணைந்தது.

“உங்க சோலியப் பாருங்க.”

மூட்டை நிறுக்கப் போய்விட்டாள். தராசின் எண்கள் மனதில் நிற்கவில்லை. கிண்டலா செய்தான்? இல்லை, சும்மாவா கேட்டான்...? இனித் தன்னைப் பார்க்கவே மாட்டானோ என்று எதற்குப் பயம் வருகிறது?

திரும்பி வந்தபோது ஜீப்புகள் நகரத் தொடங்கியிருந்தன.

“வேலையாளுக பக்கத்தையும் சரி பண்ணிட்டேன். பாக்குறீங்களா?” அவள் பெயரைத் தட்டினான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் எட்டாம் வகுப்பு என்றல்லவா வரும்...!

“வேணாங்க...”

அழுத்திவிட்டான். முத்துப்பிரியா. அவ்வளவுதான் வந்தது. வேறு ஒரு வரிகூட இல்லை.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“எட்டாவதோட நின்னுட்டேங்க. அம்மாகூட மெட்டுக்குக் காய் எடுக்கப் போயிட்டேன்” என்றாள் தரையைப் பார்த்து.

“தெரியும்... நீங்க நிறுக்கப் போனப்ப உங்க பேரைத் தட்டுனேன், எல்லாம் சேந்து வந்துருச்சு. கேக்கக்கூடாததைக் கேட்டுட்டேன்னு அப்பத்தான் புரிஞ்சது.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நீங்களா சொல்லணும்னுதான். யாரோ ஏத்தி வச்சதை நான் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதில்ல?”

“தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?”

அவன் காது சிவந்தது. “புடிச்சிருக்குங்க... பேரு மட்டும் தெரிஞ்சப்பவே.”

வெளியே ஹாரன். ஓட வேண்டும் போலிருந்தது... அங்கேயே நிற்க வேண்டும் போலவும் இருந்தது.

“நாளைக்கு வருவீங்களா?”

“கம்ப்யூட்டர்தான் சரியாயிருச்சே. எதுக்கு வரணும்?”

குறும்பா, நிஜமா... புரியவில்லை. புரியாமலேயே முதல்முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

“நான் கேக்குறேன்ல...”