மின்னலை அடைத்த பெட்டிகள்

நேற்றுச் சாயங்காலமே காலி செய்துவிட்ட முதலாம் பெட்டி, இன்று பகல் இரண்டு மணிக்கு மூக்கனின் கை மயிரை இழுத்தது.

காற்றில்லை. கதவு சாத்தியிருந்தது. தூசி தட்டப் போன கை பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து பெட்டியின் பக்கமாகச் சாய்ந்தன. கையைப் பின்னுக்கு இழுத்தான். படுத்துக்கொண்டன. மறுபடி நீட்டினான். எழுந்தன.

"காலி பண்ணுனேனே," என்று வாய்விட்டே சொன்னான்.

மூக்கன் ஆலையில் தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈயத்தாள் பொருத்திப் பற்றவைக்கிறவன். இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவனைவிடச் சுத்தமாகப் பற்றவைக்க ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் முப்பத்தி நாலாம் வருஷத்து ஐப்பசியில் அவனை இந்த மலையுச்சித் தகரக் கொட்டகையில் கொண்டுவந்து தள்ளியது. கோடையில் ஓடை வற்றி ஆலைச் சக்கரம் நின்றுவிடுகிறது, ஐப்பசியிலோ இந்த உச்சியில் நாள் தவறாமல் இடி விழுகிறது. விழுவதைப் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன என்று தோட்டத்து வெள்ளைக்கார அதிகாரி சின்னத்துரைக்குத் தோன்றிவிட்டது. துரைக்குத் தோன்றிவிட்டால் அப்புறம் தோட்டத்தில் யாருக்குத் தூக்கம்? கண்ணாடித் தகடு, ஈயத்தாள், மறுபடி கண்ணாடி என்று அடுக்கடுக்காக வைத்து மூக்கன் அறுபத்துநாலு பெட்டி செய்தான். பாறைமேல் இரும்புக் கம்பம் நட்டு, அதிலிருந்து செம்புக் கம்பியை உள்ளே இழுத்தார்கள். முதல் மின்னலில் கம்பி உருகி வழிந்தது. இரண்டாவதில் ஒன்பது பெட்டியின் கண்ணாடி வெடித்தது. அப்புறம் பிடிபட்டது, பிடிபட்டதும் விடிவதற்குள் எங்கோ கசிந்து போயிற்று. வெள்ளத்தைச் சிரட்டையில் ஏந்துகிற வேலை இது என்று பெண்சாதி பேச்சியம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

கசிவதுதான் இதுவரை தொல்லை. எதுவும் தானாக நிரம்பியதில்லை.

சின்னத்துரை காலையில் ஏதோ அளவுக் கருவி எடுத்துவர ஹட்டனுக்குப் போயிருந்தார். போகும்போது, "மூக்கன், பெட்டியில ஒண்ணும் இருக்கக் கூடாது. கண்ணாடி கொஞ்சம் மிச்சம் புடிச்சு வைக்கும், அப்புறம் மெதுவா வுடும். நீ பாத்துக்க," என்று சொல்லியிருந்தார்.

மிச்சம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மூங்கில் பிடி போட்ட இரும்புக் கோலை எடுத்தான். கோலில் கட்டிய சங்கிலி சுவரோரக் குழியில் இறங்கி மண்ணுக்குள் போகிறது. கோல் பெட்டியைத் தொட்டால் உள்ளே இருப்பது மண்ணுக்குப் போய்விடும். தொட்டான். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அவ்வளவுதான். அடுத்த பெட்டி, அதற்கடுத்தது, மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று பொறுமையாகத் தொட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பெட்டியை முடித்து நெற்றியைத் துடைத்தபோது, பின்னால் வாசலோர அலமாரியில் முதலாம் பெட்டி சீறியது.

திரும்பிப் போய்த் தொட்டான். இந்த முறை காய்ந்த விறகு முறிகிற சத்தம்.

எடுக்க எடுக்கக் கூடுகிறது. வானம் இன்னும் ஒரு தடவைகூட முழங்கவில்லை. கொட்டகைக்குள் ஒரு நெடி, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை ஈரத்துணியில் வைத்தால் வருமே அந்த நெடி, மெல்ல மெல்ல ஏறித் தொண்டையில் காரமாய்ப் படிந்தது. தகரச் சுவரின் இடுக்குகள் வழியாகப் பனிமூட்டம் வெள்ளையாக உள்ளே வந்து, பெட்டிகளை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து விலகிப் போனது. மூக்கன் கதவைப் பார்த்தான். ஓடிவிடலாமா என்று நினைத்தான். துரை வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நின்றான். நின்றதுதான் பிழை.

மழை கூரைமேல் மொத்தமாக விழுந்தது. அதோடு முதல் மின்னலும்.

கோல் கையைவிட்டுப் பறந்தது. மூக்கன் கண்ணைத் திறந்தபோது கதவின் அடியால் மழைநீர் நுழைந்து, தரையில் பரவி, கீழ்த்தட்டுப் பெட்டிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரின் ஓரத்தில் நீலமாக ஏதோ ஊர்ந்தது. மின்னல் ஏறாதபடி நாலு கண்ணாடிப் போத்தல்களைக் காலாக வைத்துத் துரை செய்த பலகை ஒன்று நடுவில் கிடந்தது. அதன்மேல் தாவி ஏறிக் குந்திக்கொண்டான். கோல் எட்டாத தூரத்தில் தண்ணீருக்குள் கிடந்தது.

கதவின் இரும்புக் கொண்டியைச் சுற்றியும் அதே நீலம்.

"ஏங்க," என்றது வெளியே குரல். பேச்சியம்மா. "ரொட்டியும் சம்பலும் கொண்டாந்தேன். ஆறிப்போச்சுன்னு என்னைய வையாதீங்க. கல்லு மேல வச்சிட்டுப் போறேன்."

கதவு சாத்தியிருந்தால் அவள் உள்ளே வருவதில்லை. பத்தடி தள்ளி இருக்கும் கல்மேல் வைத்துவிட்டு, கம்பளியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கொழுந்து நிறுவைக்கு ஓடிவிடுவாள். அவன் சும்மா இருந்திருந்தால் இன்றும் அப்படித்தான் போயிருப்பாள்.

மூக்கன் பயந்துவிட்டான். தொண்டை கிழியக் கத்தினான். "பேச்சி, கிட்ட வராத. கொண்டியத் தொடாத புள்ள."

மழை சொற்களைத் தின்றுவிட்டு அலறலை மட்டும் வெளியே விட்டது.

பனிமூட்டத்தில் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கிருந்து அலறல் கேட்டாலும் எதற்கு, யார் என்று நின்று கேட்கமாட்டார்கள். பாறைச் சரிவில் ஒருத்தி தொங்கிக்கொண்டிருக்கலாம். கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். பேச்சியம்மா அப்படி இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

காலடிகள் திரும்பின. ஓடி வந்தன.

மூக்கன் வாயைப் பொத்திக்கொண்டான். போய்விடு. போய்விடு தாயி.

"என்னங்க? என்னங்க ஆச்சு?"

பேசினாலும் வருவாள். பேசாவிட்டாலும் வருவாள்.

கொண்டி அசைந்தது.

கதவு முக்கால்வாசி திறந்தது. அவள் நின்றாள். தலையில் கம்பளி, இடுப்பில் நனைந்த படங்குச் சாக்கு, வெறுங்கால், கொண்டியில் கை. அலறவில்லை. விழவுமில்லை. கண் இரண்டும் அவன்மேல்.

"பேச்சி."

அவளிடம் மூச்சில்லை.

காலைக் கீழே இறக்கினான். கட்டைவிரல் படுமுன்பே தண்ணீர் எழுந்து கடித்தது. தொடைவரை மரத்தது. மேலே இழுத்துக்கொண்டான். மறுபடி இறக்கினான். மறுபடி இழுத்துக்கொண்டான். பெண்சாதி நாலடியில் நிற்கிறாள், தான் பலகையில் குந்தியிருக்கிறோம் என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் கால் இறங்கவில்லை.

மின்னல்.

அவள் வாய் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது. என்னங்க என்று சொல்ல வருகிறவள் வாய். மூடிக்கொண்டது.

"இங்கதான் இருக்கேன் புள்ள," என்றான்.

மின்னல். திறந்தது. மூடியது.

ஒவ்வொன்றுக்கும் அவன் பேசினான். துரை வந்துவிடுவார் என்றான். ரொட்டி ஆறவில்லை என்றான். பிறகு மின்னல்களுக்கு நடுவே இடைவெளி நீண்டது. இடி மலைக்கு அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அசையாமல் நிற்கும் நேரம் கூடியது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இன்னும் ஒண்ணு. சாமி, ஒண்ணே ஒண்ணு.

மழை விட்டது. மேகம் விலகி மஞ்சள் வெயில் கதவு வழியாக உள்ளே விழுந்தது. அவள் முகத்தில் பட்டது. கண்கள் இமைக்கவில்லை. எங்கும் மின்னல் இல்லை, இடி இல்லை. கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

கீழ்த்தட்டில் ஒரு பெட்டி சீறியது.

பேச்சியம்மாவின் வாய் திறந்தது.

அடுத்த பெட்டி. திறந்தது. அதற்கடுத்தது. திறந்தது. அவசரமே இல்லாமல், வரிசை தப்பாமல், பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டே வந்தன. வெயில் விழுந்த முகத்தோடு, கொண்டியில் வைத்த கையை எடுக்காமல், அவள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.