எட்டு எழுத்துக்குள்

அவளுடைய பட்டப்பெயர் நோண்டி. ரேடியோ, கடிகாரம், அம்மாவின் இஸ்திரிப் பெட்டி, எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள்.

அவளுடைய அப்பா கடைத்தெரு முனையில் மாற்றுச் சாவி செய்பவர். ஆறு மாதத்துக்கு முன்பு அவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மருத்துவர்கள் அதை வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தது. குரல் போய்விட்டது. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் நோண்டி பள்ளி விட்டுக் கடைக்கு வந்தபோது, ஒருவர் அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

அப்பா கை எண்ணெயைத் துடைத்துவிட்டுக் காகிதத்தில் எழுதத் தொடங்கினார். பாதி எழுதுவதற்குள் அந்த ஆள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா காகிதத்தைக் கசக்கிப் போட்டார்.

மறுநாள் நோண்டி அறிவியல் டீச்சரிடம் போய் நின்றாள். "டீச்சர், லேப்ல இருக்கிற மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் எழுத்துத் திரையும் எனக்குக் கொஞ்ச நாள் வேணும். பட்டனை அழுத்தினா எழுத்து வரணும்."

டீச்சர் கொடுத்தார். மதிய இடைவேளையெல்லாம் நோண்டி கணினி அறையிலேயே கிடந்தாள்.

திரைக்குப் பதினாறு கால்கள். ஒவ்வொன்றாக ஒயர் கொடுத்தாள். நீல வெளிச்சம் வந்தது. எழுத்து வரவில்லை. எல்லா ஒயர்களையும் பிடுங்கி மறுபடி இணைத்தாள். அப்போதும் வெறும் நீலம்தான். மூன்றாவது நாள்தான், எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னக் குமிழை அவள் தொடவே இல்லை என்பது உறைத்தது. திருகினாள். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஆங்கில எழுத்துகள் பளிச்சென்று எழுந்து நின்றன.

ஆனால் அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுக்க வேண்டும். குறுக்கே ஐந்து புள்ளி, நெடுக்கே எட்டு. அதுவும் ஒரு நேரத்தில் எட்டு வடிவங்களைத்தான் ஏற்கும். கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் கணக்கு; அதே வடிவம் திரும்ப வந்தால் மட்டும் ஒன்றுதான்.

வீட்டில் கட்டம் போட்ட தாளில் வரைந்தாள். அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது என்னடி, நண்டா?"

"அது 'மு'ம்மா!"

"பாவம், அடிபட்ட மாதிரி இருக்கு."

சனிக்கிழமை காலை கடை மேசையில் திரையை வைத்துப் பட்டனை அழுத்தினாள். 'பேச முடியாது' என்று வந்தது. சரியாக எட்டு வடிவங்கள்!

அப்பா படித்தார். முகம் சுருங்கியது. ஒயரைப் பிடுங்கி, திரையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏம்ப்பா? எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?" நோண்டிக்கு அழுகை முட்டியது.

அப்பா காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். அவள் அதைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

மத்தியானம் அப்பாவின் சட்டைப்பையில் மடித்து வந்தது அந்தக் காகிதம். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். 'வர்றவங்ககிட்ட எல்லாம் முதல்ல இதைத்தான் சொல்லணுமா?' என்று எழுதியிருந்தது.

நோண்டி அதை நான்கைந்து தடவை படித்தாள். எழுதி முடிக்கும்வரை நிற்காமல் போன அந்த ஆள் மேல் அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தது! இன்று அவளும் நிற்கவில்லை.

கட்டத்தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"என்ன சொல்லணும்னு நீங்களே எழுதுங்கப்பா. நான் நிக்கிறேன்."

அப்பா வெகுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு 'சொல்லுங்க' என்று எழுதினார். ஏழு வடிவங்கள். அடுத்து 'பத்து நிமிஷம்'. அதுவும் ஏழுதான். அப்புறம் 'நாளைக்கு வாங்க'.

"ஒன்பது வருதுப்பா. எட்டுக்கு மேல இடம் கிடையாது."

அப்பா தலையைச் சொறிந்தார். 'க்கு' மட்டும் அடித்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் முதல் ஆளாக ஒரு பெண் வந்தார். அப்பா பட்டனை அழுத்தினார். அந்தப் பெண் திரையைப் படித்துவிட்டு, "அலமாரிச் சாவிங்க, ரெண்டு வேணும்" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்து வந்தவர் அப்படி இல்லை. "காதும் கேக்காதா?" என்று நோண்டியிடம் உரக்கக் கேட்டார்.

"நல்லா கேக்கும்" என்றாள் அவள்.

அப்பா 'பத்து நிமிஷம்' பட்டனை அழுத்தினார். ஒன்பதாவது நிமிடம் சாவியை நீட்டினார். அந்த ஆள் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நடந்தார்.

நோண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்களுக்குன்னு ஒரு பட்டன் வைக்கட்டுமாப்பா? நல்லா நாலு வார்த்தை?"

அப்பா விரல்விட்டு எண்ணுவதுபோல எண்ணினார். எட்டு விரல் தாண்டியதும் கையை விரித்துக் காட்டினார். அப்புறம் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறார்! சத்தம் மட்டும் வரவில்லை.

அவர் சிரித்து முடிக்கும்வரை நோண்டி பக்கத்திலேயே நின்றாள்.